பொழுது சாயும் மட்டும்

(சபைக் குடும்பங்களின் மாலைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம்மில் பலருடைய வீட்டு முன்கூடத்தில் ஒரு வாக்குத்தத்த அட்டை தொங்கும். டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்து, பனியில் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, வரிசையில் நின்று வாங்கி வந்தது அது. ஜனவரியில் வருகிறவர் போகிறவர் எல்லாரும் அதைப் படிக்கிறார்கள். ஜூன் மாதம் வரும்போது அதன் மேல் கரண்டு பில் அட்டையைச் செருகி வைத்திருப்போம். பள்ளிக்கூடம் திறந்திருக்கும், கட்டணம் கட்ட வேண்டியிருக்கும், சீருடை தைக்கக் கொடுத்திருப்போம். கர்த்தர் உண்மையுள்ளவர் என்று ஜனவரியில் சொல்வது எனக்குச் சுலபமாக இருக்கிறது. நான் இன்று பேச நினைப்பது ஜூன் மாதத்தைப் பற்றி.

நம் கூட்டங்களில் சாட்சி சொல்ல எழுகிறவர்கள் பெரும்பாலும் தப்பிப் பிழைத்த கதையைச் சொல்கிறார்கள். பேருந்து கவிழ்ந்தது, ஒரு கீறல் இல்லை. டாக்டர் கைவிட்டார், பிள்ளை எழுந்து நடந்தான். அவற்றை நான் சந்தேகிக்கவில்லை. கேட்கும்போது என் கண்ணும் நிறைகிறது. ஆனால் அந்தக் கூட்டத்தில் கடைசி பெஞ்சில் ஒரு சிறு பிள்ளை உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறது. ஆம்புலன்ஸ் வருகிற வீட்டுக்கு மட்டும்தான் ஆண்டவர் வருவார் என்று அந்தப் பிள்ளை முடிவு செய்துகொள்ளும். 30 ஆண்டு ஒரே வீட்டில் சமைத்தோம், சாப்பிட்டோம், சண்டை போட்டோம், இரவு ஜெபத்துக்கு முன் பேசிக்கொண்டோம், அதற்காக ஸ்தோத்திரம் என்று எழுந்து சொன்ன ஒருவரை நான் இதுவரை பார்த்ததில்லை.

நான் தமிழாசிரியையாக வேலை பார்த்தவள். ஆகையால் ஒரு சொல்லிலிருந்து தொடங்குகிறேன். எங்கள் பக்கத்து வீட்டு அக்கா தவறாமல் முருகன் கோயிலுக்குப் போகிறவர். எங்கள் வீட்டு ஜெபத்தை ஜன்னல் வழியாகக் கேட்டுக் கேட்டு ஒருநாள் என்னிடம் கேட்டார்: "உங்க சாமி உண்மையுள்ளவர், உண்மையுள்ளவர்னு ஏன் டீச்சர் திரும்பத் திரும்பச் சொல்றீங்க? சாமி பொய்யா சொல்லும்?" அவர் கேட்டது நியாயம். அன்றாடப் பேச்சில் உண்மை என்றால் பொய்க்கு எதிர்ச்சொல், அவ்வளவுதான். நம் வேதாகம மொழியில் அந்தச் சொல் வேறொரு பாரத்தையும் சுமக்கிறது. சொன்ன சொல் மாறாமை, கைவிடாமை, நிலைத்து நிற்றல் எல்லாவற்றையும் அந்த ஒரு சொல்லில் கட்டி வைத்தார்கள் நம் மொழிபெயர்ப்பாளர்கள்.

அவர்கள் சொல்லைத் தவறாக எடுக்கவில்லை. உண்டு, உள்ளது, உண்மை மூன்றும் ஒரே வேரில் கிளைத்தவை. பழைய இலக்கண, தருக்க நூல்களில் உண்மைக்கு எதிராக நிற்கும் சொல் இன்மை. ஒரு பொருள் இருப்பது உண்மை, இல்லாதது இன்மை. அந்த இன்மைக்குத் தமிழில் வறுமை என்றும் பொருள் உண்டு. நல்குரவைப் பேசும்போது வள்ளுவர் எடுத்துக்கொள்ளும் சொல்லும் அதுவே. பக்கத்து வீட்டு அக்காவுக்கு அன்று எனக்குச் சரியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை. பிறகு யோசித்துச் சொன்னேன்: "அவர் இருக்கார்னு சொல்றோம் அக்கா. எங்ககிட்ட ஒண்ணும் இல்லாத அன்னிக்கும் இருக்கார்னு சொல்றோம்."

எபிரெயத்தில் இதற்கு நிற்கும் சொல் எமுனா. நாம் ஜெபத்தை முடிக்கும் ஆமென் அதே வேரிலிருந்து வந்தது. எமுனா என்ற சொல் வேதாகமத்தில் முதன்முதலாக எங்கே வருகிறது தெரியுமா? யாத்திராகமம் 17ஆம் அதிகாரத்தில். ரெவிதீமில் அமலேக்கியர் வந்து மோதுகிறார்கள். யோசுவா கீழே போர்க்களத்தில் நிற்கிறான். மோசே மலையுச்சியில் கையை உயர்த்தியபடி நிற்கிறார். கை தாழ்ந்தால் ஜனங்களும் பின்வாங்குகிறார்கள். வயதானவர், எவ்வளவு நேரம் கை தாங்கும்? ஆரோனும் ஊர் என்பவரும் ஒரு கல்லைக் கொண்டுவந்து போட்டு அவரை உட்கார வைத்து, ஆளுக்கொரு பக்கம் நின்று கைகளைத் தாங்குகிறார்கள். பொழுது சாயும் மட்டும் அவர் கைகள் அசையாமல் நின்றதைச் சொல்லத்தான் அந்தச் சொல். பிற்பாடு தேவனுடைய உண்மையைப் பாட வந்தவர்கள் எடுத்துக்கொண்டதும் இதையே. முதலில் அது சோர்ந்துபோன ஒரு கிழவரின் கை. இரண்டு பேர் தாங்கியதால் நின்ற கை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் திரும்பி வருவேன்.

என் அப்பா தேரிக்காட்டு ஓரத்துச் சிற்றூர்களில் உபதேசியாராக இருந்தவர். செம்மணலும் பனையும் உள்ள பூமி. சம்பளம் சொற்பம், நாங்கள் ஐந்து பிள்ளைகள். அம்மா தினமும் உலை வைக்கும்போது, அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்து அடுப்படி மூலையில் இருந்த சின்னக் கலயத்தில் போடுவார்கள். பிடியரிசி. இங்கே இருக்கும் மூத்தவர்களுக்கு அது தெரியும். ஞாயிற்றுக்கிழமை அது கோயிலுக்குப் போகும். ஆராதனை முடிந்து வெளியே ஏலம் விடுவார்கள்.

1966இல் எனக்கு ஒன்பது வயது. நாடு முழுக்க உணவுத் தட்டுப்பாடு. அரிசிக்குப் பதில் கப்பலில் வந்த கோதுமையைச் சாப்பிடப் பழகிய காலம். அப்பா ஒருநாள் அம்மாவிடம் மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது: "இந்த மாசமாவது அதை நிறுத்தேன். பிள்ளைகளுக்கு ஒரு நேரத்துக்கு ஆகும்." அம்மா அடுப்பைப் பார்த்தபடியே சொன்னார்கள்: "எடுக்கிறத நிறுத்துனா இருக்கிறத எண்ண ஆரம்பிச்சிருவேன்."

இந்தக் கதையைப் பல ஆண்டுகள் நான் பெருமையாகச் சொல்லிவந்தேன். இப்போது சொல்லும்போது ஒன்றைச் சேர்த்தே சொல்கிறேன். அந்த ஒரு பிடி குறைந்தது அம்மாவின் தட்டில். கடைசியில் சாப்பிட்டவர் அவர்தான். சட்டியில் என்ன மிஞ்சியிருந்தது என்று நாங்கள் ஐந்து பேரும் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. தாய் பட்டினி கிடப்பதைக் குடும்பத்தின் விசுவாசம் என்று மெச்சுகிற வழக்கம் நமக்கு உண்டு. அதை நாம் விட வேண்டும். அம்மாவின் விசுவாசம் பெரிது. எங்கள் கவனக்குறைவும் பெரிது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அரிசி அடியோடு தீர்ந்த நாட்களில் யாராவது ஒருவர் நடையில் வந்து நிற்பார்கள். பனையேறுகிறவரின் மனைவி ஒரு செம்பு பதநீரோடு வருவார். தோட்டத்திலிருந்து ஒருவர் முருங்கைக்காய் ஒரு கட்டுக் கொண்டுவந்து போட்டுவிட்டு, பேச நிற்காமல் போவார். அவர்கள் வீட்டிலும் தட்டுப்பாடுதான். ஆண்டவருடைய உண்மை எங்கள் வீட்டுக்கு வானத்திலிருந்து இறங்கி வந்ததை நான் பார்த்ததில்லை. தெருவில் நடந்து, வெயிலில் காலைச் சுட்டுக்கொண்டு, யாருடைய இடுப்பிலோ கையிலோதான் வந்தது.

சாறிபாத் ஊர் விதவையை நினைக்கிறேன். சீதோன் நாட்டுக்காரி; இஸ்ரவேலைச் சேர்ந்தவள்கூட இல்லை. பஞ்ச காலம். பானையில் ஒரு பிடி மாவு, கலசத்தில் கொஞ்சம் எண்ணெய். இரண்டு விறகு பொறுக்கி, கடைசியாக ஒரு அடை சுட்டுத் தானும் மகனும் சாப்பிட்டுவிட்டுச் செத்துப்போகலாம் என்று நிற்கிறாள். எலியா வருகிறார். அந்தப் பானையைப் பற்றி நாம் பிரசங்கத்தில் கேட்பது அது குறையவில்லை என்பதை. அது நிரம்பவும் இல்லை என்பதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஒருநாள் காலையில் அவள் எழுந்து பார்த்தபோது பானை விளிம்பு வரை மாவு நின்றதாக எங்கும் எழுதவில்லை. தினமும் அவள் அடியில் கையை விட்டு வழித்திருக்கிறாள், தினமும் கையில் ஏதோ தட்டுப்பட்டிருக்கிறது என்றே நான் வாசிக்கிறேன். ஒவ்வொரு காலையிலும் கையை உள்ளே விடும்போது அவள் நெஞ்சு பதறியிருக்காதா? முதல் வாரம் பதறியிருக்கும். ஓராண்டுக்குப் பிறகும் கொஞ்சம் பதறியிருக்கும் என்றே நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு வரும் பகுதியை நாம் அவசரமாகத் தாண்டிவிடுகிறோம். மாவு குறையாத அதே வீட்டில்தான் அவளுடைய மகன் நோயில் விழுந்து மூச்சடங்கிப் போனான். அவள் எலியாவை நேருக்கு நேர் குற்றம் சாட்டுகிறாள். மகன் உயிரோடு திரும்பி வந்தான், உண்மைதான். ஆனால் அற்புதம் நடந்துகொண்டிருக்கும் வீட்டுக்கும் துக்கம் வரும் என்பதை இதைவிடத் தெளிவாக எந்தக் கதை சொல்ல முடியும்?

ஆண்டவருடைய உண்மையைப் பற்றி ஆங்கில ஆராதனைகளில் நீங்கள் பாடும் 'கிரேட் இஸ் தை ஃபெய்த்ஃபுல்னஸ்' என்ற பாட்டை எழுதிய தாமஸ் சிஷம், 1866இல் அமெரிக்காவின் கென்டக்கியில் பிறந்தவர். கொஞ்ச காலம் போதகர். உடல்நலம் இடம் கொடுக்காததால் அதை விட்டுவிட்டுப் பிறகு இன்ஷூரன்ஸ் முகவரானார். 1923இல், 50 வயதைக் கடந்தபின் அந்தப் பாட்டை எழுதினார். பெரும்பாட்டுகளுக்குப் பின்னால் ஒரு துயரக் கதை இருக்கும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். 1873இல் கப்பல் விபத்தில் நான்கு மகள்களைப் பறிகொடுத்த ஸ்பாஃபோர்டு எழுதிய பாட்டு அப்படிப் பிறந்தது. சிஷமின் பாட்டுக்கு அப்படி ஒரு சம்பவம் கிடையாது. தன் வருமானம் ஒருபோதும் பெரிதாக இருந்ததில்லை, ஆனாலும் ஆண்டவர் தன்னைத் தாங்கினார் என்று முதுமையில் ஒரு கடிதத்தில் எழுதினார், அவ்வளவுதான். பாலிசி எழுதி, தவணை வசூலித்து, மாதக் கணக்குப் பார்த்த ஒரு நோயாளியின் பாட்டு அது. எனக்கு அந்த மனிதர்மீது தனி மரியாதை.

இனி என் வீட்டுக்கு வருகிறேன்.

என் கணவருக்குச் சிறுநீரகம் இரண்டும் செயலிழந்தன. என்னுடையதைக் கொடுக்கலாம் என்று போனேன். எனக்குச் சர்க்கரை இருக்கிறது, எடுக்க முடியாது என்றார்கள். டயாலிசிஸ் தொடங்கியது. முதலில் வாரத்துக்கு 2 முறை, பிறகு 3 முறை. நான்கு ஆண்டுகளும் சில மாதங்களும். 500 முறைக்கு மேல் அந்த அறையில் உட்கார்ந்திருக்கிறேன்.

பழக்கமில்லாதவர்களுக்குச் சொல்கிறேன். சிறுநீரகம் இரவு பகலாகச் செய்யும் வேலையை அந்த இயந்திரம் நான்கு மணி நேரத்தில் செய்துவிடப் பார்க்கிறது. கையில் தமனியையும் சிரையையும் சேர்த்துத் தைத்து ஒரு வழி உண்டாக்குகிறார்கள், ஃபிஸ்டுலா என்பார்கள். அந்த இடத்தில் விரலை வைத்தால் உள்ளே வண்டு ரீங்கரிப்பதைப் போல் ஒரு அதிர்வு தெரியும். அது இருக்கிறதா என்று தினமும் தொட்டுப் பார்க்கச் சொன்னார்கள். இல்லாவிட்டால் வழி அடைத்துவிட்டது என்று பொருள், உடனே ஓட வேண்டும். அந்த நான்கு ஆண்டும் நான் கண் விழித்ததும் செய்த முதல் காரியம், இருட்டிலேயே கையை நீட்டி அவர் கையைத் தொட்டுப் பார்த்ததுதான். அப்புறம்தான் வாய் ஜெபம். பல நாள் இரண்டும் ஒன்றாகவே போயின.

தண்ணீரை டம்ளரால் அளந்து குடிக்க வேண்டும். இளநீர் கூடாது, வாழைப்பழம் கூடாது. தென்னைக்கு நடுவில் வளர்ந்த மனிதர் ஒரு மிடறு இளநீருக்கு ஏங்குவதை நான் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் எடை பார்ப்பார்கள்; சேர்ந்த நீரை எடுப்பார்கள்; வீட்டுக்கு வருவோம்; மீண்டும் சேரும். இரண்டு மாதம் கழித்து ஒருநாள் அவர் கேட்டார்: "ரெண்டு வாரத்துக்குச் சேத்து ஒரேயடியா பண்ணிவிட முடியாதாம்மா?" முடியாது. செவ்வாய்க்கிழமை செய்தது வியாழக்கிழமை வரைக்கும்தான்.

மன்னாவின் கணக்கு எனக்கு அங்கேதான் புரிந்தது. அன்றன்றைக்கு எடுக்க வேண்டும். மறுநாளுக்கு என்று பதுக்கி வைத்தால் புழுத்துப்போகும். ஓய்வுநாளுக்கு முந்தின நாள் மட்டும் இரண்டு மடங்கு. ஞாயிறு பள்ளியில் அதைக் கதையாகச் சொல்லிக் கொடுத்தவள் நான். 40 ஆண்டு ஒரு ஜனம் நாளை என்ற பானையில் ஒன்றும் இல்லாமல் தினமும் இரவு படுத்துத் தூங்கியது என்பது எத்தனை கடினமான பாடம் என்று மருத்துவமனை நாற்காலியில் உட்கார்ந்தபோது தெரிந்தது. பரமண்டல ஜெபத்தில் நாம் ஆகாரம் கேட்கிறோம். அதற்கு அடைமொழியாக நிற்கும் கிரேக்கச் சொல்லின் சரியான பொருள் இன்னதென்று அறிஞர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். அன்றன்றைக்குரியது என்கிறார்கள், தேவையான அளவு என்கிறார்கள், நாளைக்குரியது என்றும் சொல்வார்கள். நான் அந்த நாற்காலியில் இருந்தபடி வியாழக்கிழமை வரைக்கும் என்று பொருள் வைத்துக்கொண்டேன்.

அந்த நான்கு மணி நேரமும் ஊசி ஏறிய கை அசையக் கூடாது. அவருக்குக் கண் அசரும், கை மடங்கும், இயந்திரம் கூவும், நர்ஸ் ஓடிவருவார். ஆகவே யாராவது பக்கத்தில் உட்கார்ந்து மணிக்கட்டை மெல்லப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். பெரும்பாலும் நான். விடுமுறையில் வந்தால் மகன். எனக்கு முதுகு பிடித்துக்கொண்ட நாட்களில் பக்கத்துப் படுக்கைக்காரரின் மனைவி, ஒரு இஸ்லாமியச் சகோதரி, தன் கணவருடைய கையை ஒரு கையாலும் என் கணவருடைய கையை ஒரு கையாலும் பிடித்துக்கொண்டு நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறார். ஒருநாள் மாலை டீ வாங்கிக்கொண்டு திரும்பி வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டேன். ஜன்னலில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு கல், அதன் மேல் ஒருவர், தாங்கிய கைகள். யாத்திராகமம் 17ஆம் அதிகாரத்தை எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன். அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அவர் குணமாகவில்லை. ஐந்தாம் ஆண்டில் போய்விட்டார். விசுவாசம் போதவில்லை என்று என் முகத்துக்கு நேராகச் சொன்னவர்கள் உண்டு. இன்னொரு கூட்டத்துக்கு அழைத்துப் போயிருந்தால் பிழைத்திருப்பார் என்றவர்கள் உண்டு. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஆனால் அந்தச் சொல் ஒரு வீட்டில் எவ்வளவு நாள் கிடந்து நாறும் என்று அவர்களுக்குத் தெரியாது. காலைதோறும் புதிதாக வரும் இரக்கங்களைப் பற்றி நாம் எடுத்துச் சொல்லும் பகுதி எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? புலம்பலில். எருசலேம் எரிந்து, பிள்ளைகள் தெருவில் பசியால் சுருண்டு விழுந்ததை எழுதிய அதே கையெழுத்தில், அந்தப் புத்தகத்தின் நட்டநடுவில் இருக்கிறது. அந்த வார்த்தைகளுக்குப் பிறகும் இரண்டு அதிகாரம் அழுகை தொடர்கிறது. நகரம் எழுந்துவிடவில்லை. நாம் வசனத்தை வெட்டியெடுத்து அட்டையில் அச்சடித்துவிட்டு, அழுகையைப் புத்தகத்திலேயே விட்டுவிட்டோம்.

டயாலிசிஸ் அறையில் ஒரு நடுவயதுக்காரர் இருந்தார். ஒரு கூட்டத்தில் பேசியதை நம்பி மூன்று முறை வராமல் நின்றுவிட்டார். நான்காம் முறை தூக்கிக்கொண்டு வந்தார்கள். மாத்திரையை நிறுத்துவதை விசுவாசம் என்று சொல்கிற யாரையும் உங்கள் வீட்டுப் படி ஏற விடாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன். மோசேக்குக் கை வலித்தபோது ஆரோன் இன்னும் விசுவாசியும் என்று சொல்லவில்லை. கல்லைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

குடும்ப ஜெபத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் தகப்பன் தினமும் இரவு எட்டு மணிக்கு எல்லாரையும் கூட்டி ஜெபிப்பார். சமாதானம் தாரும், தேவைகளைச் சந்தியும் என்று பொதுவாக வேண்டுவார். வேலை போய் ஏழு மாதம் ஆகியிருந்தது. தினமும் காலையில் சாப்பாட்டு டப்பாவோடு கிளம்பிப் பேருந்து நிலையத்தில் உட்கார்ந்திருந்தார். வட்டிக்கு வாங்கிச் சம்பளம் என்று கொடுத்தார். ஆண்டவரிடம் சொல்லிவிட்டேன், மனைவியிடம் சொல்ல வெட்கமாக இருந்தது என்று பின்னால் அழுதார். அவர் மனைவிக்கு வலித்தது கடன் இல்லை. ஏழு மாதம் பக்கத்தில் முழங்கால் போட்டுக்கொண்டும் தனக்குத் தெரியாமல் போயிற்றே என்பதுதான் வலித்தது. ஜெபம் நீளமாக இருக்க வேண்டாம். அரிசி இல்லை என்றால் அரிசி இல்லை என்று பிள்ளைகள் காது கேட்க ஜெபியுங்கள். பிள்ளைகள் பயப்படுவார்கள் என்று நினைக்கிறோம். மூடி வைத்த முகத்தைப் பார்த்துத்தான் அவர்கள் அதிகம் பயப்படுகிறார்கள். ஒரு முனையை அவர்கள் கையிலும் கொடுங்கள். தாங்கிப் பழகட்டும்.

கடைசி மாதங்களில் என் கணவரால் ஜெபிக்க முடியவில்லை. மூச்சு வாங்கும். நான் சொல்வேன், முடிவில் அவர் ஆமென் என்பார். சில இரவு அந்த ஒரு சொல்லுக்கும் அவருக்கு நேரம் ஆகும், நாங்கள் காத்திருப்போம். அந்தச் சொல்லுக்கும் மோசேயின் கைகளுக்கும் வேர் ஒன்று என்பது எனக்கு அப்போது தெரியாது. அவர் போன பிறகுதான் படித்தேன். தெரிந்திருந்தால் அவரிடம் சொல்லியிருப்பேன்.

அவர் போய் ஆறு ஆண்டு ஆகிறது. இப்போதும் விடியற்காலையில் கண் விழிக்கும் முன் என் கை தானாக நீளும். அந்தப் பக்கத்தில் இப்போது பேரன் படுக்கிறான். அவன் மணிக்கட்டு கையில் தட்டுப்படும். விரலை வைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே கிடப்பேன். மெல்லிய துடிப்பு, குருவிக் குஞ்சுக்கு இருப்பதைப் போல. பிறகு எழுந்து போய் அரிசி அளந்து, ஒரு பிடி எடுத்து வைத்துவிட்டு, உலை வைக்கிறேன்.